சக்கரத்தில் எலுமிச்சை வாசம்

படிக்காதவன் மடத்தனம் செய்தால் அது வெறும் மடத்தனம். படித்தவன் செய்தால் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருப்பான். நான் பொறியியல் படித்தவன். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பல வருடங்கள் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தினேன். மெல்பேர்னுக்கு வந்த பிறகு, ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் பேரிங்குகளோடு வாழ்ந்தேன். சக்கரம் எதனால் தரையைப் பிடிக்கிறது, எதனால் வழுக்குகிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான், பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருக்கையில், ஒரு பந்தய வண்டியின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். (விளக்கம் பின்னால் வருகிறது. அதுவும் நன்றாக இருக்காது.)

வண்டி என்றால் எஞ்சின் கிடையாது, பெடலும் கிடையாது. மூன்று சிறிய சக்கரங்கள், அவற்றின் மேல் வெண்டிக்காய் மாதிரி நீளமாக ஒரு கூடு. அந்தக் கூட்டுக்குள் ஓட்டுகிறவர் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய முகத்துக்கும் தார் ரோட்டுக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும். வண்டிக்குப் பின்னால் ஒரு தடி நீட்டிக்கொண்டிருக்கும். மாணவர்கள் ஒருவர் மாறி ஒருவர் ஓடிவந்து அந்தத் தடியைப் பிடித்து வண்டியை மேட்டில் தள்ளுவார்கள். இறக்கத்தில் அது தானாக உருண்டு போகும். வளைவில் உள்ளே கிடப்பவர் திருப்புவார். பிறகு மறுபடி மேடு, மறுபடி தள்ளு. வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற இந்தப் பந்தயத்துக்காகப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உழைப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். படிப்பையும் விட்டுவிட்டுத்தான் உழைத்தார்கள்.

என் தம்பியின் மகள் ஆரபி இதில் சேர்ந்ததால்தான் நானும் மாட்டிக்கொண்டேன். அவள் சிட்னியில், ஹோம்புஷில் வளர்ந்தவள். படிக்க மெல்பேர்னுக்கு வந்து, நோபல் பார்க்கில் எங்கள் வீட்டில் தங்கினாள். கொண்டுவந்து விட்ட அன்று தம்பி என் கையைப் பிடித்து, "அண்ணை, பிள்ளை இனி உங்கட பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆரபி சின்ன உருவம். கூட்டுக்குள் லேசாக அடங்குவாள். பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே ஓட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். இதை நான் தம்பிக்குச் சொல்லவில்லை. பிள்ளை பொறியியல் மாணவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். (பொய் இல்லை. முகத்துக்கும் ரோட்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.)

எங்கள் கராஜ் பெரியது என்பதால் வண்டி கட்டுகிற வேலை அங்கேயே நடந்தது. அணித்தலைவன் கவின் கோயம்புத்தூர்ப் பையன். மெக்கானிக்கல் படிக்க வந்தவன். நல்ல வளர்ப்பு. அதனால் நான் சொல்கிற எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பான். நானும் அந்த வளர்ப்பை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டேன். வேகத்தின் ரகசியம் பேரிங்கில் இருக்கிறது என்று ஒரு வாரம் பேசினேன். அடுத்த வாரம், கூட்டின் மூக்கு எப்படி இருக்கவேண்டும் என்று பேசினேன். பெட்டிக்குள் கிடந்த பழைய பாடக் குறிப்புகளைக்கூட எடுத்துவந்தேன். என் மனைவி கமலா கராஜ் வாசலில் நின்று, "அந்தப் பிள்ளையளுக்கு ஃபீஸ் கட்டிப் படிப்பிக்கிற ஆக்கள் அங்கை இருக்கினம். நீங்கள் சும்மா இருங்கோ" என்று சொன்னதையும் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் கவின் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் பணிவாக என் பாடத்தை நிறுத்தினான்.

"அங்கிள், பேரிங் எல்லா டீமும் ஒரே கடையிலதான் வாங்குறாங்க. கூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். போன வருசம் நாங்க தோத்தது கை மாத்துற இடத்துல. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

மல்கிரேவில் அலுவலகங்கள் வரிசையாக இருக்கிற ஒரு வளாகம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளில்லாமல் கிடக்கும். அதன் கார் நிறுத்தத்தில்தான் பயிற்சி. அங்கே போய்ப் பார்த்தேன். ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறான். அடுத்தவள் முன்னால் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கிறாள். முதலாமவன் கடைசியாக ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறான். வண்டி தனியே போகிறது. அடுத்தவள் அதோடு சேர்ந்து ஓடித் தடியைப் பிடிக்கிறாள். நடுவில் கொஞ்ச நேரம் வண்டி யாருடைய கையிலும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தால் வேகம் செத்துவிடுமாம். பயந்த அணிகள்தான் அப்படிப் பிடிக்குமாம். வேகமான அணி துணிந்து விட்டுவிடும், அடுத்த ஆள் வந்து பிடிப்பார் என்ற நம்பிக்கையில். கவின் இதையெல்லாம் அழகாக விளக்கினான். எனக்குக் காதில் ஏறவில்லை. உள்ளே கிடப்பது தம்பியின் பிள்ளை.

முதல்நாள், வண்டி தனியே போன அந்த இடைவெளியில், "பிடி, பிடி" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். கையை எடுத்திருந்த பையன் பதறிப்போய் மறுபடி பாய்ந்து பிடிக்க, பிடிக்க வந்தவள் அவன் காலில் தடக்க, இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வண்டி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலப் போய் ஒரு பூச்சாடியில் முட்டி நின்றது. கூட்டுக்குள்ளிருந்து ஆரபியின் குரல் வந்தது. "பெரியப்பா, ப்ளீஸ்." அதற்குப் பிறகு எனக்குத் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கொடுக்கப்பட்டது. போத்தல்கள் கார் நிறுத்தத்தின் மறுகோடியில் வைக்கப்பட்டன.

சக்கரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவை மஞ்சள் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு பொருளால் செய்யப்பட்டவை. கொஞ்சம் மென்மையாக இருந்தால் வளைவில் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். அதனால் சில திருட்டு அணிகள் சக்கரத்தை ஏதாவது திரவத்தில் ஊறவைத்து மென்மையாக்குவது உண்டு. விதிப்புத்தகம் இதை அடியோடு தடை செய்கிறது. சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம், வேறு எதுவும் சக்கரத்தில் படக்கூடாது. நம் பிள்ளைகள் சக்கரங்களைப் புதுக் காலுறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் பாஸ்மதி அரிசிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஆள் நான்தான் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தய நாள் காலை. பூங்கா ஒன்றின் நடுவே மேடும் பள்ளமுமாகப் போகிற ரோட்டை மூடி, வளைவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஏதோ அறிவுரை சொல்ல எல்லா அணிகளையும் ஒரு கூடாரத்துக்கு அழைத்தார்கள். கவின் என்னிடம் வந்து, "அங்கிள், வண்டியைப் பாத்துக்குங்க. யாரையும் சக்கரத்தைத் தொட விட்டுடாதீங்க" என்றான். ஒருவரையும் கிட்ட அண்ட விடமாட்டேன் என்று உறுதி கொடுத்தேன். உறுதி கொடுக்கும்போது என் ஜாக்கெட் பைக்குள் இரண்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.

இப்போது விளக்கம். எங்கள் பக்கத்தில் அதைத் தேசிக்காய் என்போம். மெல்பேர்னில் நான் வாங்கிய ஒவ்வொரு காரும் முதல்முதல் வீட்டைவிட்டுப் புறப்படும்போது தேசிக்காயை நசித்துவிட்டுத்தான் புறப்பட்டது. ஒரே ஒரு வெள்ளைக் காருக்கு அவசரத்தில் விட்டுப்போயிற்று. அந்த வாரமே டண்டினோங்கில் ஒரு சுற்றுவட்டத்தில் பின்னால் வந்தவன் அதைக் கொண்டுபோய் இடித்தான். ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னவன் நான். அதன்பிறகு ஒரு காருக்கும் தவறவிடவில்லை. இதுவோ புது வண்டி. உள்ளே படுக்கப்போவது பிறர் பிள்ளை. இவ்வளவுதான் விளக்கம். நன்றாக இருக்காது என்று முதலிலேயே சொன்னேன்.

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு பழம் வைத்து, தடியைப் பிடித்து மெல்லத் தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. நம் ஊர்த் தேசிக்காய் சின்னது, தோல் மெல்லியது, சக்கரம் பட்டதும் போய்விடும். மெல்பேர்னில் வீட்டுப் பின்வளவில் காய்க்கிற எலுமிச்சையோ முஷ்டி அளவு, தோல் தோற்பை மாதிரி. வண்டியும் இறகு மாதிரி. எடையைக் குறைக்க அத்தனை பாடு பட்டிருந்தார்கள். அது பழங்களின்மேல் ஏறி மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அழுத்தினேன். அசையவில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. மெல்ல, ஒரு பக்கமாக, வண்டியின்மேல் உட்கார்ந்தேன்.

பழங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்தன. வண்டி என்னைக் கீழே தள்ளிவிட்டுப் புறப்பட்டது. இறக்கம் வேறு. தடியை எட்டிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடிய ஒரே ஓட்டம் அதுதான். குழந்தை வண்டி ஒன்றோடு நின்ற ஒரு பெண்மணியின் முன்னால் ஒருவாறு நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, பழைய மாணவர்களுக்கும் பந்தயம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். திரும்பக் கொண்டுவந்து, கைக்குட்டையால் சக்கரங்களைத் துடைத்து, நசிந்த பழங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றேன். கவின் வந்து, "ஒண்ணும் பிரச்சனை இல்லையே அங்கிள்" என்று கேட்டான். ஒரு ஈகூட வரவில்லை என்றேன்.

பந்தயத்தில் பிள்ளைகள் ஓடியதைப் போல ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கைமாற்றமும் தண்ணீர் ஊற்றுவதுபோல இருந்தது. தள்ளியவர் கையை எடுத்தார், வண்டி தனியே போயிற்று, அடுத்தவர் பிடித்தார். வளைவில் ஆரபி வைக்கோல் கட்டுகளை உரசுகிற அளவுக்குக் கிட்டவாக எடுத்து, வேகம் குறையாமல் திருப்பினாள். அன்று ஓடிய எல்லா அணிகளையும் விடக் குறைந்த நேரம் அவர்களுடையதுதான். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். அந்த நேரத்தில் நான் ஆரபியை நினைத்துப் பெருமைப்படவில்லை. ஜாக்கெட் பைக்குள் கிடந்த இரண்டு பழங்களைத் தட்டிக்கொடுத்தேன்.

அப்போதுதான் பெரிய தொப்பி போட்ட ஒரு பெண்மணி வந்தார். பந்தயத்தின் தலைமை நடுவர். முழங்காலில் இருந்து, வண்டியின் சக்கரத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார். பிறகு கவினைக் கூப்பிட்டார்கள்.

சக்கரத்தை மென்மையாக்குகிற திருட்டுத் திரவங்களில் பல, தோடம்பழம், எலுமிச்சை போன்றவற்றின் தோல் எண்ணெயில் செய்யப்படுகிறவையாம். அதனால் இந்தப் பந்தயத்தில் முகர்ந்து பார்ப்பதுதான் பரிசோதனை. பழ வாசம் வந்தால் களவு. அணி நீக்கப்படும், அணித்தலைவன் இனிமேல் இந்தப் பந்தயத்தின் பக்கமே வரமுடியாது, பல்கலைக்கழகத்துக்கும் முறைப்பாடு போகும். நடுவர் இதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். கவினின் முகம் வெளிறிவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம், திரவம் எதிலும் ஊறவைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரபி அழத் தொடங்கினாள்.

நான் என்ன செய்தேன்? வானத்தைப் பார்த்தேன். காற்றடித்தால் வாசம் போய்விடுமா என்று யோசித்தேன். உராய்வு படிப்பித்தவனுக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை அதுதான். கவின் மறுபடி அதையே சொல்லத் தொடங்கியபிறகுதான் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையை உயர்த்தினேன். பைக்குள் கையை விட்டு, நசிந்த இரண்டு பழங்களையும் எடுத்து நடுவரிடம் நீட்டினேன். சாறு மணிக்கட்டு வழியாக ஒழுகியது.

எதற்காக என்று நடுவர் கேட்டார். எங்கள் வழக்கம், புது வண்டி, கண்ணூறு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தேன். வேகமாகப் போவதற்கா என்றார். இல்லை, பத்திரமாகத் திரும்பி வருவதற்கு என்றேன். ஆரபியைக் காட்டி, நீங்கள் ஒரு பொறியியலாளர் என்று இந்தப் பெண் சொல்கிறாள், உண்மையா என்றார். உண்மை என்றேன். பிறகு அவர் கேட்டது, என் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி.

"அது வேலை செய்யுமா?"

வேலை செய்யும் என்றால் களவு செய்தோம் என்று ஆகிவிடும். வேலை செய்யாது என்றால், பிறகு ஏன் வைத்தாய் என்ற கேள்வி வரும். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பொறியியலாளனாகச் சொன்னால், செய்யாது" என்றேன்.

"அப்படியானால் ஏன் வைத்தீர்கள்?"

"அந்த நேரத்தில் நான் பொறியியலாளனாக நிற்கவில்லை, மேடம். இவளுடைய பெரியப்பனாக நின்றேன்."

எத்தனை சக்கரத்துக்கு வைத்தீர்கள் என்று அவர் கேட்டார். முன்னால் இருக்கிற இரண்டுக்கும் என்றேன். அவர் குனிந்து பின்சக்கரத்தை மறுபடி முகர்ந்தார்.

"இதிலும் வருகிறதே."

நான் கவினைப் பார்த்தேன். கவின் புல்லைப் பார்த்தான். பிறகு அவனுடைய கையும், நான் உயர்த்திய அதே உயரத்துக்கு, மெல்ல மேலே வந்தது.

"அங்கிள், காலைல அம்மா வீடியோ கால்ல வந்தாங்க. ஒண்ணே ஒண்ணாவது வைடா கண்ணுன்னு..." என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தான். "அப்புறம் ஸ்பிரிட் போட்டு நல்லாத்தான் தொடச்சேன்."

"தேசிக்காய் எங்கை எடுத்தனீர்?"

"உங்க வீட்டு மரத்துலதான் அங்கிள்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும், தலைமை நடுவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. இருமினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் விதி விதிதான். சக்கரத்தில் எதுவும் படக்கூடாது என்றிருக்கிறது. அதில் கடவுளுக்கு என்று தனி விதிவிலக்கு எதுவும் இல்லை. இரண்டு பேரும் தாமாகவே ஒப்புக்கொண்டபடியால் கவினுக்குத் தடையும் இல்லை, முறைப்பாடும் இல்லை. அவர்கள் ஓடிய நேரம் மட்டும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. இரண்டாவதாக வந்த அணி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தது.

வீட்டுக்குப் போகும்போது ஆரபி பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தாள். முன்சீட்டில் இருந்த கவின் சாரி என்று தொடங்கினான். "நீங்கள் பேசாதேங்கோ" என்றாள். நான் மன்னித்துக்கொள் என்றேன். எங்கள் தெருவுக்குள் கார் திரும்பியபிறகுதான் மறுபடி வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் என்னை லெட் கோ பண்ணினவை, பெரியப்பா. அடுத்த ஆள் பிடிப்பார், நான் ஸ்டியர் பண்ணுவன் எண்டு நம்பி. நீங்கள் மட்டும்தான் பண்ணேல்லை."

அவள் வீட்டுக்குள் போனபிறகும் நான் காரிலேயே இருந்தேன். கார் முழுக்க எலுமிச்சை வாசம்.

அன்று பின்னேரம் தம்பியைக் கூப்பிட்டேன். சங்கம் என்று சொன்னது என்ன சங்கம், பிள்ளை எப்படிப் படுத்துக்கொண்டு போகிறாள், முகத்துக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு தூரம், நான் என்ன செய்தேன், பிள்ளைகள் எதை இழந்தார்கள் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஏச்சுக்குத் தயாரானேன். கடைசியில் தம்பி கேட்டான்:

"மூண்டு சில்லு வண்டிக்கு ஏன் அண்ணை ரெண்டு தேசிக்காய் மட்டும் வைச்சனீங்கள்?"

கமலா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில், தன் அறைக்குள் கோபமாக இருந்த ஆரபி வெளியே வந்து என்னவென்று கேட்டாள். தகப்பன் கேட்ட கேள்வியைச் சொன்னோம். தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எங்கே காரை எடுத்தாலும், முதலில் என் சட்டைப்பையையும் ஜாக்கெட் பையையும் தட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விமான நிலையத்தில்கூட என்னை அவ்வளவு கவனமாகச் சோதித்ததில்லை.

அடுத்த வருட விதிப்புத்தகத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. வண்டிகளுக்கு அருகில் பழவகைகள் அனுமதிக்கப்படமாட்டா. புது அணிகள் இது எதற்கு என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்களாம். பழைய அணிகள் ஒவ்வொரு வருடமும் கதை சொல்கிறார்களாம். சொல்லச் சொல்லப் பழங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று கேள்வி.

அந்த வரி வந்த வருடம் ஆரபி வண்டிக்கு எலுமிச்சை மஞ்சளில் நிறம் அடித்தாள். பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் தேசிக்காய் என்று எழுதினாள். வண்டியின் பெயரே அதுதான் என்றாள். இனிமேல் வேறு ஒன்றும் நசிக்கத் தேவையில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நுழைவாயிலில் நின்ற தொப்பிக்காரப் பெண்மணி என்னை அடையாளம் கண்டு கையை நீட்டினார். பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன். பிறகு தண்ணீர்ப் போத்தல்களோடு என் இடத்துக்குப் போனேன்.

முதல் கைமாற்றம் என் கண்ணுக்கு நேரே வந்தது. தள்ளியவள் கையை எடுத்தாள். வண்டி தனியே போயிற்று. என் கை தானாகவே ஜாக்கெட் பைக்குள் போனது. உள்ளே ஒன்றும் இல்லை. வாயைத் திறக்காமல் நின்றேன். அடுத்தவன் பிடித்தான். வளைவைத் தாண்டி ஆரபி வந்து சேர்ந்தாள்.

மூன்றாவது இடம் கிடைத்தது. (ஒரு தேசிக்காய் வைத்திருந்தால் முதலாவதாக வந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தம்பி சொன்னான்.)